கோமுகியின் தலைமாட்டில் ஒரு மே மாதம்

கோமுகி அணையின் கரைமேல் நாங்கள் ஏறி நின்றபோது காலை ஏழு மணிகூட ஆகவில்லை. அதற்குள் வெயில் பிடரியில் உறைத்தது. 46 அடி வரை தண்ணீர் தேக்கும் அணை. அன்று தண்ணீர் தூரத்தில் ஒரு பச்சைத் துண்டாக ஒடுங்கிக் கிடந்தது. மற்ற இடமெல்லாம் பாளம் பாளமாக வெடித்த வண்டல், அதன்மேல் ஆட்டுக் குளம்புத் தடங்கள், அங்கங்கே ஒற்றைக் காலில் கொக்குகள். கரையின் உட்புறக் கற்களில், நீர் இறங்க இறங்க விட்டுச்சென்ற வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரிந்தன. அக்கா மகன் அவற்றை விரல் நீட்டி எண்ணிக்கொண்டே வந்தான். பாதியில் நிறுத்திவிட்டு, "இவ்ளோ தண்ணியும் எங்கேர்ந்து சித்தி வந்துது?" என்றான்.

மேற்கே கையைக் காட்டினேன். கரும்புத் தோட்டங்களுக்கும் கச்சிராயபாளையம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்கும் பின்னால், வெயிலில் வெளிறிய நீலமாய்க் கல்வராயன் மலை படுத்திருந்தது.

"அங்க போய் அந்த எடத்தப் பாக்கலாமா?"

கரையோரம் மாடு ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர் அதைக் கேட்டுச் சிரித்தார். "ஒரு எடம் இல்ல தம்பி. பொட்டியம் ஓடை ஒண்ணு, கல்படை ஓடை ஒண்ணு. இன்னும் பேர் தெரியாத ஓடை எத்தனையோ. எல்லாம் மேல இருந்துதான் வருது" என்றார். பையன் என் கைப்பேசியை வாங்கி வரைபடத்தை விரித்தான். அவனோடு என் பெண்ணும் என் பையனும் தலையை நுழைத்தார்கள். மூவரும் ஒரே திரையைச் சண்டையில்லாமல் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று அக்கா என் காதில் சொன்னாள்.

பெண்ணுக்கு 17 வயது. பிளஸ் டூ முடித்துவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தாள். அக்கா மகனுக்கு 15, என் பையனுக்கு 14. ரெண்டுங்கெட்டான் வயசு என்று நம் வீடுகளில் சொல்வோமே, அந்த வயதுக் கூட்டம். பூங்காவுக்குக் கூட்டிப்போனால் குழந்தைத்தனம் என்பார்கள். கோயில் கோயிலாகப் போனால் முகம் தூக்குவார்கள். ஊட்டி, கொடைக்கானலை இரண்டு கோடைகளில் பார்த்தாகிவிட்டது. பார்த்ததில் பெரும்பகுதி முன்னால் நின்ற வண்டியின் பின்புறம். அந்த நெரிசலைக் கட்டுப்படுத்தத்தான் உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் அங்கே போக இ-பாஸ் வாங்க வேண்டியிருக்கிறது. இந்த வயதுப் பிள்ளைகளுக்கு வேடிக்கை பார்க்க இடம் வேண்டியதில்லை. உடம்பு களைக்கிற அளவுக்கு நடை வேண்டும், கையில் ஒரு பொறுப்பு வேண்டும், வழி தவறினால் தாங்களே திருத்திக்கொள்ள ஓரளவு சுதந்திரம் வேண்டும். இதை ஒரு மலையில்தான் கொடுக்க முடியும் என்று எனக்கு வெகுநாளாகத் தோன்றிக்கொண்டிருந்தது.

கள்ளக்குறிச்சி என்றதும் உறவில் சிலர் தயங்கினார்கள். தயக்கத்தின் காரணம் தெரிந்ததுதான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தாயும் தகப்பனும் போய் நின்ற பிள்ளைகளின் படத்தை அந்த வாரம் பத்திரிகையில் பார்த்துவிட்டு நான் சாப்பாட்டைத் தள்ளி வைத்திருக்கிறேன். அந்தச் செய்தியோடு கல்வராயன் மலையின் பேரும் ஒட்டிக்கொண்டது. மலையில் சாராயம் காய்ச்சிய காலம் ஒன்று உண்டு என்பதை யாரும் மறைப்பதில்லை. ஆனால் அந்தச் சாவுகள் நடந்தது கீழே, ஊருக்கு நடுவில். ஒரு மலையை அதன் ஒரு கெட்ட செய்தியால் மட்டும் தெரிந்துவைத்திருப்பது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது. பிள்ளைகளும் அப்படி வளரக் கூடாது என்பது இந்தப் பயணத்துக்கு இன்னொரு காரணம்.

2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது கள்ளக்குறிச்சி. ரயிலில் வருபவர்கள் சேலம் – விருத்தாசலம் பாதையில் சின்னசேலத்தில் இறங்க வேண்டும். நாங்கள் காரில் வந்தோம். அணைக்கு வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் தியாகதுருகம் மலைக்கோட்டையில் ஏறினோம். சேலம் நெடுஞ்சாலையை ஒட்டி எழும்பி நிற்கிற பாறைக் குன்று அது. ஆத்தூர்க் கணவாயிலிருந்து சமவெளிக்கு இறங்கும் வழியைக் காவல் காத்த இடம் என்பதால் பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் மைசூர்ப் படையும் இதற்காக மாறி மாறி அடித்துக்கொண்டார்கள். 1790இல் திப்பு சுல்தான் வந்து முற்றுகையிட்டபோது கோட்டைக்குள் இருந்தவர் கேப்டன் பிளின்ட். அதற்குப் பத்தாண்டு முன்னால் வந்தவாசிக் கோட்டையை ஹைதரிடம் விட்டுக்கொடுக்காமல் காத்த அதே ஆள். திப்புவால் எடுக்க முடியவில்லை. பாறையில் நாலு காலால் தவழ்ந்து ஏறி மூச்சு வாங்கிக்கொண்டிருந்த பையன்களிடம் இதைச் சொன்னபோது, "கவசத்தோட எப்படி ஏறியிருப்பான்?" என்று யோசித்தார்கள். பாடப் புத்தகத்தில் படித்திருந்தால் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். மேலிருந்து பார்த்தால் மேற்கில் கல்வராயன் முழு நீளத்துக்கும் தெரிகிறது. மறுநாள் போக வேண்டிய இடத்தை முந்தின நாளே கண்ணால் அளந்துவிடுவது நல்ல பழக்கம்.

அணைக்கரையில் பிள்ளைகள் போட்ட திட்டம் இதுதான்: கோமுகியைக் கீழிருந்து மேலாகத் தொடர்வது. கீழே போகும் கதையைப் பெண் வரைபடத்தில் முடித்துவிட்டாள். அணையிலிருந்து வெளியேறும் கோமுகி மணிமுக்தா நதியில் சேருகிறது, மணிமுக்தா வெள்ளாற்றில், வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலில். பரங்கிப்பேட்டை அலையில் அவள் சின்ன வயதில் கால் நனைத்திருக்கிறாள். "அப்ப நான் நனைச்சது இந்த மலைத் தண்ணியிலயா?" என்று கேட்டவளுக்குச் சட்டென்று மலையோடு ஓர் உறவு வந்துவிட்டது போலிருந்தது.

வேலைகளைப் பிரித்தோம். வழி பெண்ணின் பொறுப்பு. தண்ணீரும் தின்பண்டமும் என் பையன். கைவிளக்கு, முதலுதவிப் பை, கயிறு எல்லாம் அக்கா மகன். பெரியவர்கள் நாங்கள் மூவரும் கேட்டால் ஒழிய வாய் திறப்பதில்லை என்று ஒப்பந்தம். இதைக் கடைப்பிடிப்பது எனக்கும் என் அக்காவுக்கும் மலை ஏறுவதைவிடக் கடினமாக இருந்தது.

கச்சிராயபாளையம் தாண்டியதும் மலைப்பாதை தொடங்குகிறது. பெட்ரோல், கையில் ரொக்கம், மாத்திரை எல்லாம் கீழேயே எடுத்துக்கொள்ளுங்கள். மேலே போனால் கைப்பேசிக்கு சிக்னல் சில மேடுகளில்தான். கல்வராயன் உயரமான மலை கிடையாது. கிழக்குத் தொடர்ச்சி மலையில் ஜவ்வாது, சேர்வராயன், பச்சைமலை ஆகியவற்றின் பங்காளி. பெரும்பாலும் இரண்டாயிரம் அடியிலிருந்து மூவாயிரம் அடி, தெற்கே பெரிய கல்வராயனில் அதற்கும் மேல். பரப்பு 1,095 சதுர கிலோமீட்டர். ஊட்டிக் குளிரை எதிர்பார்த்து சுவெட்டர் எடுத்துவர வேண்டாம். கத்திரி வெயிலில் பகல் இங்கேயும் சுடத்தான் செய்யும். ஆனால் நாலு மணிக்கு மேல் காற்று மாறிவிடுகிறது; ராத்திரிக்குப் போர்வை வேண்டியிருக்கிறது.

வழியில் பெரியார் அருவி. சாலையை ஒட்டியே இருப்பதால் குடும்பங்கள் அதிகம் வருவது இங்கேதான். மே மாதத்தில் மெலிந்துதான் விழுந்தது. ஒரு மணி நேரம் குளித்தோம். தின்றுவிட்டு எறிந்த நெகிழிப் பொட்டலங்கள் பாறை இடுக்குகளில் அடைத்திருந்ததைப் பார்த்து பையன்கள் தாங்களாகவே ஒரு சாக்கை நிரப்பினார்கள். நான் சொல்லவில்லை.

மறுநாள்தான் மேகம்.

மேகம் என்பது அருவியின் பெயர். வண்டி போகும் பாதை முடிந்த பிறகு காட்டுக்குள் கால்நடையாகப் போக வேண்டும். காடு வனத்துறையின் பொறுப்பில் இருப்பதால் முதலில் அவர்களிடம் கேட்டு, உள்ளூர் ஆள் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டுதான் போக வேண்டும். இதைச் சடங்காக நினைக்காதீர்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் இளவயதினர். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று தமிழ்நாட்டில் தனி விதிகள் வந்தன. கோடையில் புல்லும் சருகும் ஒரு தீப்பொறிக்குக் காத்திருக்கும். காய்ந்த காட்டில் பீடி பற்றவைப்பவனையும் அடுப்பு மூட்டுபவனையும் நான் மன்னிக்கத் தயாரில்லை.

எங்களோடு வந்த அண்ணனுக்கு நாற்பது வயது இருக்கும். மலையாளிப் பழங்குடி. இந்தப் பேரைக் கேட்டதும் என் பையன், "கேரளாவா?" என்றான். அவர் பொறுமையாகச் சொன்னார்: "இல்ல தம்பி. எங்க முன்னோர் காஞ்சிபுரத்துல இருந்து வந்தவங்க. அண்ணன் தம்பிங்க மலைக்கு ஒருத்தரா பிரிஞ்சிட்டாங்க. மலைய ஆள்றதால மலையாளி." பச்சைமலையிலும் கொல்லிமலையிலும் சேர்வராயனிலும் இதே கதையைச் சிறுசிறு மாற்றங்களோடு சொல்வார்கள். பேசுவது தமிழ்தான், நம் காதுக்குக் கொஞ்சம் பழைய வாசனை அடிக்கும் தமிழ்.

காலை ஆறரைக்கு நடக்கத் தொடங்கினோம். ஓடையின் படுகையே வழி. மழைக்காலத்தில் இதில் கால் வைக்க முடியாது. கோடையில் வந்ததன் நன்மை அங்கேதான் புரிந்தது. தண்ணீர் நிறைந்திருந்தால் நாம் தண்ணீரை மட்டும் பார்ப்போம். வற்றியிருந்தால் தண்ணீர் செய்து வைத்திருக்கும் வேலையைப் பார்க்கலாம்: ஆட்டுரல் போலக் குடையப்பட்ட பாறைக் குழிகள், அவற்றுக்குள் கூழாங்கற்கள் குழவியாய்ச் சுழன்ற வழவழப்பு, ஆளுயரத்தில் மரக் கிளையில் சிக்கிக் காய்ந்திருக்கும் வெள்ளச் சருகு. "போன ஐப்பசியில தண்ணி அது வரைக்கும் போச்சு" என்றார் அண்ணன். அக்கா மகன் அதன் அடியில் போய் நின்று கையை உயர்த்திப் பார்த்தான். எட்டவில்லை.

பாறைமேல் நடக்க அவர் கற்றுக்கொடுத்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது. செருப்பைக் கழற்றிக் கையில் பிடிக்கச் சொன்னார். பாசி இரண்டு வகை. காய்ந்து கறுத்த பாசி பிடிப்புக் கொடுக்கும். பச்சையாக மினுங்குவது ஆளைக் கீழே தள்ளும். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் கோலை ஊன்றி, பிறகு முன்பாதம், பிறகுதான் உடம்பின் கனம். என் பையன் வீட்டில் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டுகிறவன். அன்று முதல் தடவையாக அவன் கால்விரல்களைப் பார்த்து நடந்தான். பதினைந்து நிமிஷத்துக்குள் மூன்று பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அலுப்பினால் வந்த மௌனம் இல்லை அது.

ஒன்பதரை மணி வாக்கில் பெண் நின்றாள். "தண்ணி எவ்ளோ இருக்கு?"

பையன் பையைத் திறந்து பார்த்தான். ஆளுக்கு ஒரு லிட்டர் என்று கணக்குப் போட்டிருக்கிறான். வழிகாட்டும் அண்ணனைக் கணக்கில் சேர்க்கவில்லை. பாதி வழியில் முகம் கழுவவும் செலவழித்திருக்கிறார்கள். ஏழு பேருக்கு ஒரு பாட்டில் மிச்சம். அவன் முகம் செத்துவிட்டது. "இன்னொரு பாட்டில் என் பையில இருக்கு" என்று சொல்ல வாயெடுத்தேன். என் கணவர் என் கையைப் பிடித்து அழுத்தினார். ஒப்பந்தம் நினைவுக்கு வந்தது.

அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. நாலைந்து அடி தள்ளி ஓடை வளைகிற இடத்தில், மரநிழல் விழுந்த மணலில் உட்கார்ந்தார். இரண்டு கையாலும் மணலை வாரி ஒதுக்கினார். முழங்கை ஆழம் போனதும் மணல் நிறம் மாறியது, விரலில் ஒட்டியது. இன்னும் ஒரு சாண். அடியிலிருந்து மண்ணோடு கலங்கிய தண்ணீர் மெதுவாக, யாரோ கீழே இருந்து ஊற்றுவதுபோல, ஏறியது. பையன் குனிந்து கையை நீட்டினான். "இரு தம்பி. இத எறச்சிக் கொட்டிடணும்" என்று முதல் தண்ணீரை அள்ளி வெளியே வீசினார். மறுபடி ஊறியது. மறுபடி வீசினார். மூன்றாவது தடவை கையை எடுத்துவிட்டு, "இப்ப சும்மா உக்காரு" என்றார்.

உட்கார்ந்தோம். கலங்கல் அடங்க ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். மணல் துகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்குவதை மூன்று பிள்ளைகளும் தலை முட்ட முட்டப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் குழியின் அடியில் ஒரு வெள்ளைக் கூழாங்கல் தெளிவாகத் தெரிந்தது. அண்ணன் ஓர் அகன்ற இலையைப் பறித்துத் தொன்னையாக மடித்து, முதலில் தண்ணீர்க் கணக்கில் தவறிய பையனிடம் நீட்டினார். எனக்கு நகரத்துப் பயம் வயிற்றைப் பிசைந்தது. ஆனாலும் தடுக்கவில்லை. அவன் குடித்தான். "ஜில்லுனு இருக்கும்மா" என்றான், குரல் உடைந்திருந்தது. அன்று முழுக்க அவன் யாரும் கேட்காமலேயே ஒவ்வொருவரிடமும், அண்ணனிடம் முதலாக, தண்ணீர் கொண்டுபோய் நீட்டினான்.

பெண் கேட்டாள்: "அண்ணே, அப்ப கோமுகி இங்கதான் பொறக்குதா?"

"ஆறு ஒரு எடத்துலயா பாப்பா பொறக்கும்? இதோ இது ஒண்ணு. மேல எங்க கொல்லையில ஒண்ணு. பெய்யற மழைய மலை புடிச்சி வச்சிக்கிட்டு கொஞ்சங்கொஞ்சமா விடுது. மரத்த வெட்டுனா விடாது."

அருவி இன்னும் ஒரு மணி நேர நடை. பாறைச் சுவர் அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரம். மே மாதத்தில் அருவி என்று சொல்ல அங்கே இருந்தது பாறையெங்கும் வழிந்த கருமையான ஈரமும், நடுவில் காற்றுக்கு அசைந்த ஒரு வெள்ளை இழையும்தான். கீழே விழுவதற்குள் அந்த இழை புகையாய்க் கலைந்துபோனது. பேர் எதனால் வந்ததோ, எனக்கு அப்போது அந்தப் புகைதான் மேகமாகப் பட்டது. அடியில் பசுங்கறுப்பாய்க் குளம். ஆழம் தெரியாத குளத்தில் யாரும் இறங்கக் கூடாது என்று அண்ணன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இளைஞர்கள் உயரத்திலிருந்து குதித்து வீடு திரும்பாமல் போன சம்பவங்கள் நம் ஊர் அருவிகளில் எத்தனை. பையன்கள் விளிம்பில் ஒரு தட்டைக் கல்லில் உட்கார்ந்து, கால்களைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு, மீன்குஞ்சுகள் பாதத்தைக் கொத்த விட்டார்கள். இரண்டு மணி நேரம் அந்தக் கல்லைவிட்டு நகரவில்லை.

திரும்பும்போது அண்ணன் தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். மண் சுவர், தழை வேய்ந்த பழைய வீடு ஒன்று. அதை ஒட்டி அரசு கட்டிக்கொடுத்த கான்கிரீட் வீடு ஒன்று. வெயில் நேரத்தில் எல்லோரும் மண் வீட்டில்தான் இருந்தார்கள். சுற்றிலும் குச்சிக்கிழங்குக் கொல்லை. மரவள்ளியை இந்தப் பக்கம் குச்சிக்கிழங்கு என்பார்கள். அது ஆத்தூர், சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. சாமை, தினை, கேழ்வரகு, கடுக்காய், புளி, தேன் என்று மலையிலிருந்து இறங்கும் பொருள் நிறைய. மே மாதத்தில் வாசனை வைத்தே கண்டுபிடிக்கலாம், பலாதான் அரசன்.

அண்ணனின் அம்மா ஒரு பழத்தை உருட்டிக்கொண்டு வந்தார். தட்டிப் பார்த்து, காதை வைத்துக் கேட்டு, "ஆச்சு" என்றார். என் பெண்ணைப் பார்த்து, "வா பாப்பா, நீ அறு" என்றார். பெண் தயங்கினாள். பாட்டி அவளுடைய இரண்டு உள்ளங்கையிலும் எண்ணெய் தடவி, அரிவாளிலும் தடவினார். பிறகு அவள் கைமேல் தன் கையை வைத்து நெடுக்கில் ஓர் அழுத்து. பால் பொங்கிக்கொண்டு வந்தது. அதை ஒரு வைக்கோல் பிரியில் சுற்றிச் சுற்றித் துடைத்தெடுத்தார்கள். நடுத்தண்டை அரிந்து தள்ளியதும் பழம் கைப்பிடிக்குள் வந்தது. சக்கையை விலக்கி, சுளையின் அடியில் கட்டைவிரலை விட்டு மேலே நெம்பினால் சுளை முழுசாக வரும்; அவசரப்பட்டால் கிழியும். முதல் பத்துச் சுளை கிழிந்தன. பதினொன்றாவது முழுசாக வந்தபோது அவள் அதைத் தின்னாமல் பாட்டியிடம் கொடுத்தாள். கொட்டைகளை அந்த வீட்டுப் பையன் அடுப்புத் தணலில் புதைத்தான். அவன் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு, என் பையனுடைய வயது. சுட்ட கொட்டையைத் தோலுரித்துத் தின்றபடி இருவரும் கிரிக்கெட் பேசினார்கள். பிறகு சிக்னல் கிடைக்கிற மேட்டுப் பாறைக்கு எங்கள் பையனைக் கூட்டிப்போய்க் காட்டினான். திரும்பி வந்த என் பையன் சொன்னது: "அம்மா, இவன் ஸ்கூலுக்கு நடந்துபோற வழிதான் நாம இன்னிக்கு டிரெக்கிங்னு போனதுல பாதி." அதற்குப் பிறகு அந்தச் சொல்லை அவன் பெருமையாக உச்சரிக்கவில்லை.

திண்ணையில் அண்ணனின் தாத்தா. அவர் சின்ன வயதில் இந்த மலை அரசாங்கத்தின் கையில் இல்லை. சடைய கவுண்டன், குறும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் என்று மூன்று ஜாகீர்தார்களின் ஆட்சி. விஜயநகர காலத்திலிருந்து வந்த உரிமை என்று சொல்வார்கள். நாடு விடுதலை அடைந்தது 1947இல். இந்த மலையில் ஜாகீர் முறை முடிவுக்கு வந்தது 1976இல். "ஏருக்கு வரி கட்டுனோம் ஜாகீர்தாருக்கு. கவர்மென்டுன்னு ஒண்ணு இருக்குன்னு பின்னாடிதான் தெரியும்" என்றார் தாத்தா. அடுத்த வருஷம் வாக்காளர் அட்டை வாங்கப்போகும் என் பெண் எழுந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். 2024 சாராயச் சாவுகளுக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் இந்த மலை மக்களின் நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. சாலை, பேருந்து, மருத்துவம் பற்றி அரசிடம் கேள்வி கேட்டது. கோடைக்கு நாம் வந்துபோகிற சாலையின் பின்னால் இந்தக் கதை இருக்கிறது.

அன்று ராத்திரி கட்டிலில் படுத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு ஜெர்மன் பள்ளி ஆசிரியரின் ஞாபகம் வந்தது. ரிச்சர்ட் ஷிர்மான் என்று பேர். 1909 கோடையில் மாணவர்களை நடைப்பயணம் கூட்டிப்போனபோது இடி மழையில் மாட்டிக்கொண்டு, ஒரு கிராமப் பள்ளிக்கூடத்தில் வைக்கோல் பரப்பிப் படுத்தார்கள். விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் பள்ளிகளில் நடந்துவரும் பிள்ளைகள் தங்கினால் என்ன என்று அந்த ராத்திரி அவருக்குத் தோன்றியது. 1912இல் ஆல்டேனா கோட்டையில் தொடங்கிய இளைஞர் விடுதி இன்று உலகமெங்கும் பரவியிருக்கிறது. கல்வராயனில் நல்ல தங்குமிடம் குறைவு. பலர் கள்ளக்குறிச்சியில் தங்கி விடியற்காலையில் ஏறுகிறார்கள். இங்கே சொகுசு விடுதிகள் வருவதை நான் விரும்பவில்லை. சுத்தமான ஒரு கூடம், இரண்டு கழிப்பறை, அந்த ஊர்ப் பெண்கள் சமைக்கும் சாமைச் சோறு, சம்பளத்துக்கு வழிகாட்டும் உள்ளூர் இளைஞர்கள் இருந்தால் போதும். 2024இல் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 மலைப்பாதைகளை இணையப் பதிவோடு திறந்து, மலைவாழ் இளைஞர்களுக்கு வழிகாட்டிப் பயிற்சி கொடுத்தார்களே, அந்த அக்கறை கல்வராயனின் ஒவ்வொரு ஓடைக்கும் வர வேண்டும். பணம் அந்தத் திண்ணைக்குப் போய்ச் சேர வேண்டும்.

அடுத்த இரண்டு நாட்களும் சுருக்கமாகச் சொல்லக்கூடியவை. கரியாலூரில் படகு விட்டோம். வெள்ளிமலைக் கடைத்தெருவில் தேன் வாங்கினோம். மே மாதக் கடைசியில் மாவட்ட நிர்வாகம் கோடை விழா நடத்தும் ஆண்டுகளில் இங்கே கூட்டம் களைகட்டும்; எங்களுக்கு அது வாய்க்கவில்லை. கருமந்துறை வழியாக சேலம் பக்கம் இறங்கி, ஆத்தூருக்கு அருகே முட்டல் ஏரி, ஆனைவாரி அருவி பார்த்தோம். சின்னப் பிள்ளைகளோடு வருபவர்களுக்கு நான் முட்டலையே முதலில் சொல்வேன். வீடு திரும்பும் வழியில் கள்ளக்குறிச்சியில் மரச்சிற்பப் பட்டறை ஒன்றில் அரை மணி நேரம். 2021இல் புவிசார் குறியீடு பெற்ற தொழில். அக்கா மகன் உளியைப் பிடித்து ஒரு பூவிதழின் ஓரத்தைச் செதுக்கினான். ஆசாரி அதை அழிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டார்.

கார்த்திகையில் ஒரு காலை. தொடர்ந்து நாலு நாள் மழை. கோமுகி அணை நிரம்பும் நிலையில் இருக்கிறது, கரையோர மக்களுக்கு எச்சரிக்கை என்று செய்தி ஓடியது. பையன் பள்ளிக்குக் கிளம்பாமல் கைப்பேசியை எடுத்தான். ஐந்தாறு தடவை மணி போகாமல் அறுந்தது. ராத்திரி எட்டு மணிக்கு அங்கிருந்தே அழைப்பு வந்தது. பின்னணியில் காற்று இரைந்தது. அந்த மேட்டுப் பாறையில் ஏறி நின்றுதான் பேசியிருக்க வேண்டும்.

"அண்ணே, மேகத்துல தண்ணி வருதா?"

"வருதாவா? சத்தம் எங்க வீடு வரைக்கும் கேக்குது. நேத்து தூரத்துல நின்னு பாத்துட்டு வந்தேன் தம்பி. நீங்க ஒக்காந்த கல்லு முங்கிடுச்சி."